உறைபனி இறங்காத இடம்

எறிவதற்கு முன் கண்ணை மூடிக்கொள்ள வேண்டும், அதுதான் முறை. வெள்ளைப் பிளாஸ்டிக் குழாயை வெட்டி நான்கு மூலையிலும் மாட்டிச் செய்த சதுரச் சட்டம், ஒரு பக்கம் ஒரு மீட்டர். கண்ணை மூடி, நின்ற இடத்திலேயே ஒரு சுற்றுச் சுற்றி, தோளுக்குப் பின்னால் எறிந்துவிட வேண்டும். அது எங்கே போய் விழுகிறதோ அங்கே, அதற்குள் முளைத்திருப்பதை மட்டும் எண்ண வேண்டும், நமக்குப் பிடித்த இடமாகப் பார்த்து வைக்கக் கூடாது. பிலோமினா கண்ணை மூடினாள், சுற்றினாள், எறிந்தாள். சருகில் சொத்தென்று விழுந்தது. திறந்து பார்த்தால் இந்தத் தடவையும் வெறுந்தரை. வாட்டில் மரத்தின் பொடி இலை உதிர்ந்து உதிர்ந்து படிந்த பழுப்பு மெத்தை, அதன்மேல் காய்ந்த நெற்றுகள், ஒரு புல் இல்லை, ஒரு பூண்டு இல்லை. நல்லது என்றது மனசு. உடனே அதை ஒரு அதட்டு அதட்டினாள். நல்லதும் இல்லை கெட்டதும் இல்லை, பூஜ்யம், பூஜ்யம் என்று குறித்துக்கொள், அவ்வளவுதான் உன் வேலை. ஆனாலும் நல்லதுதான். மேலே, சரிவின் விளிம்பில் மடக்கு நாற்காலி போட்டு, குரங்குக் குல்லாயும் பச்சை ஸ்வெட்டருமாக உட்கார்ந்திருக்கும் அந்தக் கிழவருக்கு இது நல்லதில்லை. ஆகவே அவளுக்கு நல்லது. இந்தக் கணக்கு அவளுக்குப் பத்து வயதில் தெரிந்த கணக்கு, வேறு எந்தப் பாடமும் இவ்வளவு சுத்தமாக மனசில் பதிந்ததில்லை. மலையில் அவரை ரேஞ்சர் என்பார்கள், இந்தச் சரிவை ரேஞ்சர் காடு என்பார்கள். வனத்துறையில் ரேஞ்சராக இருந்த தணிகாசலம், இது வெறும் புல்லாக இருந்த காலத்தில் மேலிருந்து கீழ்வரை வாட்டில் கன்று நட்டவர், ஓய்வு பெற்றும் மலையை விட்டு இறங்காமல் தினமும் காலையில் வந்து தன் மரங்களைப் பார்த்துவிட்டுப் போகிறவர். இந்த வருஷம் அந்த மரங்களை வெட்டுவதா விடுவதா என்று துறை கேட்டிருக்கிறது, அதற்கு பதில் எழுத ஆள் தேடியிருக்கிறது, டாஸ்மேனியாவில் இருபது வருஷம் இதே மரத்தைப் படித்துவிட்டு வந்த பிலோமினா, நாற்பத்தெட்டு வயதில், நானிருக்கிறேன் என்று போய் நின்றாள். அவள் எழுதுவதுதான் நடக்கும். மரத்தடியில் ஒன்றும் முளைக்கவில்லை என்றால் வெட்டு என்று எழுதலாம். வெட்டு என்று எழுதினால் அடுத்த மாதமே ரம்பத்தோடு ஆட்கள் ஏறுவார்கள். கிழவர் இதே நாற்காலியில் உட்கார்ந்து பார்க்க வேண்டும், ஒவ்வொன்றாகச் சாய்வதைப் பார்க்க வேண்டும், கடைசி மரம் விழுந்த பிறகு அவள் அவர் பக்கத்தில் போய், நான் யார் தெரியுமா என்று கேட்க வேண்டும். அந்தக் கேள்வியை எந்த மொழியில் கேட்பது என்பதைத்தான் இன்னும் முடிவு பண்ணவில்லை.

"என்ன டாக்டரம்மா, ஏதாச்சும் சிக்குச்சா?" என்று மேலிருந்து குரல். "ஒண்ணும் இல்லைங்கய்யா," என்றாள், சொன்னதும் பல்லைக் கடித்துக்கொண்டாள். சார் என்று சொல்ல வேண்டும் என்று ஒவ்வொரு நாள் காலையும் ஜீப்பில் வரும்போதே நினைத்துக்கொள்கிறாள், மிஸ்டர் தணிகாசலம் என்றுகூடச் சொல்லலாம், டாஸ்மேனியாவில், ஹோபார்ட்டில் துறைத் தலைவரையே பேர் சொல்லிக் கூப்பிட்டவள்தான்; இங்கே வந்து அந்த முகத்தைப் பார்த்ததும் நாக்கு தானாக ஐயா என்று வளைகிறது. நாக்குக்கு வயது ஏறவில்லை. அது இன்னும் அம்மா முந்தானையைப் பிடித்துக்கொண்டு கம்பி வேலிக்கு வெளியே நிற்கிறது. ஐயா, விட்ருங்கய்யா, சினையா இருக்குங்கய்யா. அது அம்மா குரல். அம்மா சொன்ன அத்தனை ஐயாவையும் இவள் நாக்கு வாங்கி வைத்துக்கொண்டது போலிருக்கிறது. "சிக்காது, சிக்காது," என்று கிழவர் சிரித்தார். "என் மரத்துக்குக் கீழ வேற எவனும் தலையெடுக்க மாட்டான். நான் சர்வீஸ்ல இருந்தப்பவும் அப்படித்தான்." சிரிப்பு இருமலாக மாறிற்று, இருமல் வெகுநேரம் ஓடிற்று, ஒரு கணம் அது அப்படியே நிற்காமல் போனால் என்ன என்று நினைத்து, அடுத்த கணம், இல்லை, வேண்டாம், மரம் விழுகிறவரை இவர் இருக்க வேண்டும் என்று நினைத்தாள். யாருடைய ஆயுசுக்காகவும் அவள் இவ்வளவு மனசார வேண்டிக்கொண்டதில்லை.

எருமைகளைப் பிடித்துப்போன அன்றைக்கு சனிக்கிழமை. சனிக்கிழமை என்பது நிச்சயம், ஏனென்றால் அவர் சொன்னது திங்கக்கிழமை வா என்று. புல்வெளி அதுவரை யாருடையது என்று யாரும் கேட்டதில்லை. பனி விலகினதும் எருமைகள் தாமாக ஏறும், பொழுது சாயத் தாமாக இறங்கும், அம்மா அருளாயி பால் கறந்து டவுனில் ஹோட்டலுக்கும் கான்வென்ட்டுக்கும் ஊற்றுவாள். ஒரு நாள் அங்கே கல் நட்டார்கள், ஒரு நாள் கம்பி கட்டினார்கள், அதற்குப் பிறகு மேய்ந்த எருமையெல்லாம் பிடிபட்ட எருமை ஆயிற்று. பவுண்டு என்று ஒன்று, மேய்ச்சலில் பிடித்த மாட்டை அடைக்க, நாலு பக்கமும் கம்பி, மேலே கூரை கிடையாது. மாசி பிறக்கவில்லை, உறைபனிக் காலம். வீட்டில் என்றால் அம்மா சாக்கைப் போர்த்தி விடுவாள், கொட்டத்தில் ஈர வரட்டியைப் புகைய விடுவாள். அம்மா கம்பியைப் பிடித்துக்கொண்டு, சாக்காவது போட்டு விடுறேன் ஐயா, உள்ள விடுங்கய்யா என்றாள். அவர் ஜீப்பில் ஒரு கால் வைத்திருந்தார். நல்ல பூட்ஸ். அந்த பூட்ஸைத்தான் இவள் பார்த்துக்கொண்டிருந்தாள், அதன் உதட்டில் புல்விதை ஒட்டியிருந்தது. திங்கக்கிழமை வா, ஆபீஸ் திறந்ததும் வா, சட்டம்னு ஒண்ணு இருக்குல்ல. சத்தம் போடவில்லை, திட்டவில்லை. திட்டியிருந்தால்கூட இத்தனை வருஷம் தங்கியிருக்காது. ஏதோ பஸ் நேரம் சொல்கிற மாதிரி சொன்னார். திங்கட்கிழமை விடிகாலை போய்ப் பார்த்தபோது கொம்பில்லாத மோழை, சினையாக இருந்தது, கால் மடங்கி ஒருக்களித்துக் கிடந்தது. கருப்பு முதுகில் உப்பைக் கொட்டிப் பரப்பினதுபோல் உறைபனி. மற்ற எருமைகள் அதைச் சுற்றி நெருக்கி நின்றிருந்தன, தம் சூட்டைக் கொடுக்கிற மாதிரி. பிலோமினா அதன் மூக்கைத் தொட்டாள், கல். வெயில் ஏற ஏற முதுகில் இருந்த வெள்ளை உருகி, விலாவில் வழிந்து, அதற்கு வேர்க்கிறது என்று தோன்றிற்று, அம்மா, அதுக்கு வேர்க்குது பாரு என்று இவள் கத்தினாள், அம்மா திரும்பவில்லை.

பிறகு என்ன, எருமை போனால் கூலி வேலை. கூலி வேலை என்றால் அந்த வருஷம் மலையில் ஒரே வேலைதான், கன்று நடுவது. அம்மா குழி வெட்டுவாள், பிளாஸ்டிக் பையை அரிவாள் நுனியால் கிழிப்பாள், கன்றை மண்கட்டியோடு இறக்குவாள், குதிகாலால் சுற்றி மிதிப்பாள். இவள் பின்னால் கூடை தூக்கிக்கொண்டு போவாள். எருமை மேய்ந்த அதே புல், அழுகண்ணி மின்னுகிற சதுப்பு, மழைக்குப் பிறகு தரையோடு தரையாகப் பூக்கிற வெள்ளைப் பூ, அதற்குப் பேர் அம்மாவுக்குத் தெரியும், எல்லாவற்றையும் கொத்திக் கொத்தி அம்மா கையாலேயே மூட வைத்தார்கள். இதைத்தான் அவள் யாரிடமும் சொன்னதில்லை. புருஷனிடம் சொன்னதில்லை, விவாகரத்தான பிறகு மன ஆலோசனைக்கென்று போய்ப் பேசின அந்தப் பெண்ணிடம், மணிக்கு இவ்வளவு என்று காது கொடுக்கிறவளிடமும் சொன்னதில்லை. இங்கிலீஷில் சொன்னால் அது ஒரு அழகான சோகக் கதையாகிவிடும், கேட்கிறவர்கள் தலையை ஆட்டுவார்கள். ஹோபார்ட்டில் இந்த மரத்துக்கென்று ஒரு நாள் உண்டு, மஞ்சள் பூங்கொத்தைச் சட்டையில் குத்திக்கொள்வார்கள். கூட வேலை பார்த்தவள் ஆசையாக இவளுக்கும் குத்திவிட்டாள். நாளெல்லாம் அந்த இடம் நமைத்துக்கொண்டிருந்தது. அந்த ஊரில் அது யோக்கியமான மரம். அதைத் தின்னப் பூச்சி இருக்கிறது, பட்டையைக் கிழித்துப் புழுவை எடுக்கக் கருப்புக் கிளி இருக்கிறது, பிறந்த இடத்தில் எல்லோரையும்போல் அடி வாங்கி வளர்கிறது. கிளி பட்டையை உரிப்பதைப் பார்க்க அவள் மதியச் சாப்பாட்டை எடுத்துக்கொண்டு போய் உட்காருவாள். தின்னு, நல்லாக் கிழி என்பாள், தமிழில். அங்கே அவள்தான் ஊர் விட்டு ஊர் வந்த செடி, இங்கே அது. அம்மா போய்ச் சேர்ந்தபோதும் அவள் அங்கேதான் இருந்தாள், அதற்கும் இந்தக் கிழவர்தான் காரணம் என்று ஒரு கணக்கு எழுதி வைத்திருக்கிறாள், அது நியாயமில்லை என்று தெரியும், அழிக்கவில்லை.

சட்டத்தை எடுத்துக்கொண்டு ஓடைப்பக்கம் நகர்ந்தாள். இன்றோடு முடிகிறது, இந்த ஓடையோரத்தின் நடுப்பகுதி மட்டும்தான் பாக்கி. உள்ளங்கையில் அடங்குகிற வளைந்த கண்ணாடி ஒன்று வைத்திருந்தாள், கட்டம் கட்டமாகக் கோடு போட்டது. இடுப்பு உயரத்தில் பிடித்துக் குனிந்து பார்த்தால் தலைக்கு மேலிருக்கிற இலையெல்லாம் அதில் விழும், எத்தனை கட்டம் இலை, எத்தனை கட்டம் வானம் என்று பார்த்து நிழலை அளப்பது. மேட்டுப்பக்கம் எல்லாம் இலையாக இருந்தது. இங்கே பாதிக்குப் பாதி வானம். கிழட்டு மரங்கள், சில வேரோடு சாய்ந்து கிடக்கின்றன, சாய்ந்த இடத்தில் மஞ்சு கீழே இறங்குகிறது. குனிந்தால் கண்ணாடியின் ஓரத்தில் தன் மூக்கும் கன்னமும் பெருத்துத் தெரிந்தன, அம்மா ஜாடை, வயதாக ஆக அம்மா ஜாடை கூடிக்கொண்டே போகிறது, கிழவர் இதைப் பார்த்துவிடுவாரோ என்று முதல் வாரம் பயந்தாள், பிறகு, அவர் எப்போது அம்மா முகத்தைப் பார்த்தார், பயப்பட என்ன இருக்கிறது என்று விட்டுவிட்டாள். கண்ணை மூடினாள், சுற்றினாள். எறியப் போன கை நின்றது. கால். கால்தான். சரிவில் நிற்கிறபோது கண்ணை மூடினால் என்ன, மேடு எந்தப் பக்கம் பள்ளம் எந்தப் பக்கம் என்று உள்ளங்காலுக்குத் தெரிகிறது. எத்தனை சுற்றுச் சுற்றினாலும் கால் சொல்லிவிடுகிறது, கை கேட்டுக்கொள்கிறது. இரண்டு வாரமாக ஓடைக்குப் பக்கத்தில் நின்று எறிந்ததெல்லாம் மேட்டுப்பக்கமே போய் விழுந்திருக்கிறது. வெறுந்தரை, வெறுந்தரை, வெறுந்தரை. இது தெரியாதா அவளுக்கு? மாணவர்களுக்கு இதைத்தானே முதல் வகுப்பில் சொல்லிக்கொடுப்பாள், உங்கள் கையை நம்பாதீர்கள் என்று. தெரிந்துதான் எறிந்தாளா? தெரியாமல் தெரிந்து. கண்ணை இன்னும் திறக்கவில்லை. திறந்தால் ஓடைப்பக்கம் என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும். என்ன இருக்கிறது என்பதும் தெரியும், கடைக்கண்ணில் பட்டுக்கொண்டுதான் இருந்தது, பச்சையாக, முழங்கால் உயரத்துக்கு, பார்க்காதே பார்க்காதே என்று தாண்டிப் போனதுதான்.

"நின்னுக்கிட்டே தூங்குறீங்களா டாக்டரம்மா?" கிழவர் நாற்காலியை மடக்கிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, கைத்தடியை ஊன்றி ஊன்றி இறங்கி வந்துகொண்டிருந்தார். ஓடைக்கு மேலே ஒரு பாறை ஓரத்தில் மறுபடி விரித்து உட்கார்ந்தார், மூச்சு வாங்கினார். "இங்கதான் முதல் நடவு. மத்த ரேஞ்செல்லாம் பாதிக் கன்னு பட்டுப்போச்சு, இங்க மட்டும் ஒண்ணு போகல. கன்சர்வேட்டர் வந்து பாத்துட்டு அசந்துட்டாரு. ஏன்னு கேக்கலியே நீங்க?" "ஏன்?" "கைதான். அருளாயின்னு ஒருத்தி இருந்தா. எருமைக்காரி. என்னா கை தெரியுமா அது! மிதிச்சு விட்டான்னா கன்னு சிமிண்டு போட்டாப்ல நிக்கும். மத்த பொம்பளைங்க எல்லாம் பேசிக்கிட்டே நடுவாளுக, இவ ஒரு வார்த்தை பேச மாட்டா. பேசவே மாட்டா." பிலோமினா குனிந்து சட்டத்தின் மூலையைக் கழற்றி மாட்டினாள், கழற்றி மாட்டினாள். அந்தப் பேரை வெளி ஆள் வாயில் கேட்டு எத்தனை வருஷம். கேட்பது இந்த வாயிலா. "எருமைக்காரின்னா, எருமை என்னாச்சு?" என்று கேட்டாள், குரல் சாதாரணமாகத்தான் வந்தது. "என்னமோ ஆச்சு. வித்திருப்பா. அப்பல்லாம் எல்லாரும் எருமைய விட்டுட்டாங்கம்மா, அதும் நல்லதுக்குத்தான், இல்லேன்னா இன்னும் சாணி அள்ளிட்டுத்தான் இருக்கும் அதுக பிள்ளைங்க. அவளுக்கும் ஒரு பொண்ணு. கூடையத் தூக்கிட்டு பின்னாலயே வரும், மூக்கு ஒழுகிட்டு. எப்பப் பாரு என் பூட்ஸையே முறைச்சுக்கிட்டு நிக்கும், ஒருநாள் ஒரு பிஸ்கட் குடுத்தேன், வாங்கவே இல்ல." "அந்தப் பொண்ணு என்ன ஆச்சு?" "யாருக்குத் தெரியும். கீழ எங்கயாச்சும் மில்லுக்குப் போயிருக்கும், கட்டிக் குடுத்திருப்பாங்க." என்னமோ ஆச்சு. அவ்வளவுதான். இவள் இத்தனை வருஷமாக ஒரு மூட்டையைச் சுமந்து வந்திருக்கிறாள், அதன் மறுமுனை அவர் தோளிலும் இருக்கிறது என்று நினைத்து; அவர் அதை அன்றைக்கே கீழே வைத்துவிட்டுப் போய்விட்டார். இல்லை, அவர் தூக்கவே இல்லை. பிஸ்கட் ஞாபகம் இருக்கிறது அவருக்கு. இப்போதே சொல்லிவிடலாமா, நான்தான் அந்தப் பொண்ணு என்று. சொன்னால் என்ன செய்வார், அடடே என்பார், இவ்வளவு பெரிய ஆளா வந்துட்டியா என்பார், நான் மட்டும் அன்னைக்கு எருமையப் பிடிக்கலேன்னா நீ டாக்டர் ஆயிருப்பியா என்று கேட்டாலும் கேட்பார், சிரித்துக்கொண்டே. அதற்குப் பதில் அவளிடம் இல்லை. அதுதான் அவளுக்குப் பயம், அந்த ஒரு கேள்விதான். வேண்டாம், முதலில் மரம் விழட்டும்.

மரம் விழட்டும் என்று நினைத்தபடியேதான் ஓடைப்பக்கம் திரும்பிக் கண்ணைத் திறந்துகொண்டே, மறைக்காமல், சட்டத்தை எறிந்தாள். எரிச்சலில் எறிந்தது. அது பச்சைக்குள் விழுந்து பாதி மறைந்தது. மண்டியிட்டாள். சருகு இங்கே ஈரமாக இருந்தது, விரலை விட்டால் கருப்பு மண், ஓடை ஈரம் கசிந்து ஏறியிருக்கிறது. காட்டு நாவல், செந்தளிர். இன்னொரு காட்டு நாவல். காட்டு லவங்கம், கிள்ளி முகர்ந்தால் வாசனை. காட்டுச் செண்பகமா இது, ஆமாம், செண்பகம்தான். ஒன்றுக்கு லத்தீன் பேர்தான் வாயில் வந்தது, அம்மா அதற்கு வேறொரு பேர் சொல்வாள், எவ்வளவு துழாவியும் வரவில்லை. எல்லாம் சோலை மரங்கள், இந்த மலையின் ஆதிக் காட்டு மரங்கள், ஓடைக்கு அந்தக் கரையில் மிச்சமிருக்கிற சின்னச் சோலையிலிருந்து வந்த விதை. கொண்டைக்குருவி அங்கே பழம் தின்றுவிட்டு இங்கே வாட்டில் கிளையில் வந்து உட்கார்ந்து எச்சமிட்டு எச்சமிட்டு விதைத்தது. மேட்டில் நிழல் கெட்டி, அங்கே எதுவும் வராது. முழு வெயிலில் வாட்டில் குட்டிகளே நெருக்கிக்கொண்டு வரும். இங்கே பாதி நிழல், இந்தப் பாதியில் இவை வருகின்றன. பத்து வருஷம் விட்டால் போதும். இது அவளுக்குப் புதிதில்லை, புத்தகத்தில் உள்ளதுதான். வெட்டினால் என்ன ஆகும் என்பதும் புத்தகத்தில் உள்ளது, மண்ணுக்குள் இந்த மரத்தின் விதை ஐம்பது வருஷம் சாகாமல் கிடக்கும், வெயில் பட்டதும் ஒன்றுக்கு நூறாகக் கிளம்பும், இந்த நாவலும் செண்பகமும் முதல் குளிருக்கே கருகிப்போகும். உறைபனி. உறைபனி திறந்த புல்லில் இறங்கும், மரத்துக்குக் கீழே இறங்காது, மேலே ஒரு கூரை இருந்தால் போதும். இந்தக் கன்றுகள் இத்தனை மார்கழி தாண்டி நிற்பது இந்தக் கேடுகெட்ட மரம் மேலே நிற்பதால்தான். மேலே இது இருந்திருந்தால் மோழைகூட. அந்த நினைப்பு வந்ததும் பிலோமினா கையைச் சருகில் ஊன்றிக்கொண்டாள். சீ. இதையும் அவருக்கே வரவு வைக்கிறாயா. ஆனால் நினைப்பு போகவில்லை, நெருஞ்சி மாதிரி ஒட்டிக்கொண்டது. வெட்டு என்று எழுதினால் அது பொய். அந்தப் பொய்யில் அவருக்கு ஒன்றும் நஷ்டமில்லை, அவர் மரம் ஒன்றுக்கு நூறாகத் திரும்பி வரும். விடு என்று எழுதினால் அது நிஜம். நிஜத்தைப் படித்துவிட்டு அவர் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து சிரிப்பார். எந்தப் பக்கம் போனாலும் அந்த பூட்ஸ் முன்னால் நிற்கிறது.

"அட, அது என்னம்மா, கன்னா?" கிழவர் எழுந்து வந்து தடியில் இரண்டு கையையும் ஊன்றிக் குனிந்தார். "நாவலு. இது செண்பகமில்ல? சோலை மரமா? என் காட்டுக்குள்ளயா?" முகம் அப்படியே விரிந்தது, குல்லாய்க்குள் சிறுபிள்ளை முகம். "பாத்தீங்களா! சொன்னானுங்களே, ஊரான் மரத்த நட்டு மலையக் கெடுத்துட்டான் தணிகாசலம்னு. போன மாசம்கூட ஒரு பொடிப்பய மைக்கப் பிடிச்சுக்கிட்டு இங்கயே நின்னு பேசினான். இப்ப வரச் சொல்லுங்க அவன. என் மரத்து மடியில சோலை பொறக்குது! எழுதுங்கம்மா, பேர் போட்டு எழுதுங்க." இதோ அந்தச் சிரிப்பு, நினைத்துப் பயந்த அதே சிரிப்பு, மூக்குக்கு நேராக, பல்செட் தெரிய. "எழுதுவேன்," என்றாள். "வெட்டக் கூடாதுன்னே எழுதுவேன்." கிழவர் தடியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கையெடுத்துக் கும்பிட்டார். கண் கலங்கியிருந்தது. "நல்லா இருப்பம்மா நீ. பையன் மெட்ராஸுக்கு வா வான்னு கூப்பிடுறான், இதை விட்டுட்டு நான் எங்க போறது. என் காலம் வரைக்கும் இது நின்னாப் போதும்." அவர் கும்பிடுவதை அவள் பார்த்தாள். இதுவா கேட்டேன்? இதுவா? உள்ளே எதையோ கவ்வத் தேடிக்கொண்டிருந்த பல் ஒன்று, காலையிலிருந்து வெறுங்காற்றைக் கடித்துக்கொண்டிருந்தது, அப்போது பிடித்தது. மிக மெதுவாக, வகுப்பில் சொல்கிற குரலில் சொன்னாள்: "ஐயா, இந்தச் சட்டத்துக்குள்ள உங்க மரத்துக் கன்னு எங்கயாச்சும் இருக்கா பாருங்க."

அவர் குனிந்தார். தடியால் செடிகளை விலக்கிப் பார்த்தார். சட்டத்துக்கு வெளியிலும் பார்த்தார். நாலைந்து எட்டு அந்தப் பக்கம் போய்க் குனிந்து பார்த்தார். ஆயுசு முழுக்கக் காட்டில் கிடந்த மனுஷர், சொல்லித் தர வேண்டியதில்லை. திரும்பினபோது முகத்தில் அந்த விரிவு இல்லை. "நிழல்ல வராது," என்றார், தனக்குத்தானே. "அதுக்கு முழு வெளிச்சம் வேணும்." "ஆமா." "இதெல்லாம் வளந்துச்சுன்னா..." "மேல மூடிடும். இன்னும் நிழலாயிடும்." "அப்ப என் மரம்?" "நிக்கிற வரைக்கும் நிக்கும். எல்லாம் கிழட்டு மரம், காத்துக்கு ஒண்ணொண்ணா சாயுது. சாயற எடத்துக்கு இதுதான் வரும்." "ஒண்ணுகூட..." "ஒண்ணுகூட மிஞ்சாது. யார் நட்டாங்கன்னுகூடத் தெரியாது. சோலைன்னுதான் சொல்லுவாங்க." கிழவர் தடியைக் கீழே நழுவ விட்டு, ஒரு மரத்தின் அடியில் கை வைத்தார், பட்டை பிளந்து பிசின் கட்டியிருந்த இடத்தில், கட்டை விரலால் அதைத் தேய்த்தார். அவள் சந்தோஷம் வருமென்று காத்திருந்தாள். வந்தது. நினைத்த மாதிரி ஆரவாரமாக இல்லை, குளிரில் விரல் நுனியில் சூடு திரும்புகிற மாதிரி, வலியோடு வந்தது. சும்மா நின்று பார்த்தாள்.

"வெட்டச் சொல்லி எழுதிடும்மா," என்றார்.

அவளுக்குச் சட்டென்று பிடிபடவில்லை. "என்னது?" "வெட்டிடச் சொல்லு. மொத்தமா. கீழ விதை கெடக்குல்ல, உனக்குத் தெரியாததா, வெட்டிப் போட்டு வெயில் பட்டா அத்தனையும் மொளைச்சிரும். நான் மறுபடி பாத்துக்குவேன். இல்ல, நான் இல்லேன்னாலும் அதுவா வந்துரும்." தடி கீழே கிடந்தது, அதை எடுக்கவும் இல்லை, வெறுங்கையை முன்னால் நீட்டிக்கொண்டு நின்றார். "நீ எழுதினா வெட்டிருவாங்க. வெட்டணும்னுதானே எல்லாருமே சொல்றாங்க. உனக்கும் நல்ல பேரு. ஒரு வரி. ஒரு வரிதான கேக்குறேன்." ஆரம்பத்திலிருந்து அவள் எழுதத் துடித்த அதே வரி. ஹோபார்ட்டில் படுக்கையில் கிடந்து வார்த்தை வார்த்தையாகச் செதுக்கி வைத்த வரி. அதை இப்போது இந்தக் கிழவர் பிச்சையாகக் கேட்கிறார். பிலோமினா சட்டத்தைக் கழற்றி, நான்கு குழாயையும் ஒன்றாகச் சேர்த்துக் கட்டினாள். முடிச்சு நன்றாக விழுந்தது. "முடியாதுங்கய்யா," என்றாள். இந்த முறை ஐயா என்பது நாக்கில் எங்கேயும் இடறவில்லை, வழுக்கிக்கொண்டு வந்தது. "ஏம்மா? நான் உனக்கு என்ன கெடுதல் பண்ணேன்?" அதற்குப் பதில் அவளிடம் இரண்டு மொழியிலும் தயாராக இருந்தது. ஆரம்பமும் முடிவும் ஒத்திகை பார்த்து, எங்கே நிறுத்த வேண்டும் எங்கே குரலைத் தாழ்த்த வேண்டும் என்பது வரை. வாய் வரைக்கும் வந்ததை அப்படியே உள்ளே இழுத்துக்கொண்டாள். தெரிந்தால் அவருக்கு ஒரு காரணம் கிடைத்துவிடும்; பழிவாங்குறா பாரு என்று ஊரெல்லாம் சொல்லிக்கொள்ள, ராத்திரி படுத்து நினைத்து நினைத்து ஆற்றிக்கொள்ள ஒரு காரணம். அதைக் கொடுக்க மாட்டேன். "எனக்கு நீங்க ஒண்ணும் பண்ணலைங்கய்யா," என்றாள். "இங்க என்ன இருக்கோ அதைத்தான் நான் எழுத முடியும்."

அவர் அவளையே பார்த்துக்கொண்டு நின்றார். முதல் தடவையாக நன்றாகப் பார்த்தார், மூக்கையும் கன்னத்தையும், எதையோ தேடுகிற மாதிரி. அவளும் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை, பார்த்துக்கொள் என்று காட்டிக்கொண்டு நின்றாள். தேடினது கிடைக்கவில்லை போலிருக்கிறது. குனிந்து தடியை எடுத்தார், நாற்காலியை மடக்கக்கூடத் தோன்றாமல் அப்படியே விட்டுவிட்டு, ஓடை ஓரமாகவே மேட்டைப் பார்த்து நடந்தார். கால் தடுமாறிற்று, தடி ஒரு பக்கம் கால் ஒரு பக்கம் போயிற்று, மஞ்சு முழங்கால்வரை ஏறியிருந்தது. விழுந்துவிடுவார் போலிருந்தது.

"பாத்து நடங்கய்யா!" என்று கத்தினாள்.

கிழவர் நின்று திரும்பினார். அந்தக் குரலைக் கேட்டு முகம் இளகியிருந்தது, கண்ணில் நன்றி மாதிரி ஒன்று எழும்பிற்று. அவள் அதை நன்றாக எழும்ப விட்டாள்.

"காலுக்கடியில கன்னு இருக்கு."